படகுக்கு மெழுகு பூசும் முன் தண்ணீர்க் குழாயை மாட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைக்கு முன் உல்லாசப் படகைத் தயார்படுத்துவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முக்கால் பங்கு மெழுகு பூசுவதற்கும் இருக்கைகளைத் துடைப்பதற்கும் போய்விட்டது. அதில் எனக்குச் சண்டை இல்லை. என் கணவரும் அந்தக் கட்சிதான்; வெயில் ஏறத் தொடங்கியதும் கையில் துணியும் மெழுகு டப்பாவுமாகப் படகை வலம்வர ஆரம்பித்துவிடுவார். என்னைப் பேனா எடுக்க வைத்தது கடைசிப் பத்தியில் இருந்த ஒரே ஒரு வரி. தண்ணீரில் இறக்குவதற்கு முன் வீட்டு வாசலிலேயே என்ஜினை ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்கிறது அது. 'தண்ணீர்க் குழாயை மாட்டிவிட்டு' என்று மூன்று சொற்களைச் சேர்த்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

படகின் பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு என்ஜினுக்குக் காரில் இருப்பதுபோல ரேடியேட்டர் கிடையாது. படகு மிதக்கும் தண்ணீரையே கீழிருந்து உறிஞ்சி, உடம்பெங்கும் சுற்றவிட்டுச் சூட்டைத் தணித்துக்கொண்டு வெளியே துப்புகிறது. உறிஞ்சும் வேலையைச் செய்வது இம்பெல்லர் என்கிற சின்ன ரப்பர்ச் சக்கரம். அதன் இதழ்கள் உலோகச் சுவரில் உரசிக்கொண்டே சுழல்பவை. அந்த உரசலுக்கு வழுவழுப்புத் தருவதும் தண்ணீர்தான். வறண்டு ஓடினால் ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை, ரப்பர் கருகத் தொடங்கிவிடும்.

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்களுடையது 16 அடி ஃபைபர் படகு, 40 குதிரைத்திறன் என்ஜின். வாங்கிய இரண்டாம் ஆண்டு, உங்கள் கட்டுரையாளர் சொன்னதையே நாங்கள் செய்தோம். முதல் இழுப்பிலேயே என்ஜின் உறுமியது. கணவர் கைதட்டினார். மறுநாள் ஏரியின் நடுவில் எச்சரிக்கை மணி அலறியது. பின்பக்கம் விரல் பருமனில் பீய்ச்சியடிக்க வேண்டிய தண்ணீர், தையல் நூல்போல ஒழுகிக்கொண்டிருந்தது. என்ஜினை நிறுத்திவிட்டு, ஒற்றைத் துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டுக் கரை சேர்ந்தோம். பம்பைத் திறந்தால் ஆறு இதழ்களில் இரண்டைக் காணவில்லை. காணாமல்போனவை மேலே, சூட்டுக்கேற்பத் தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட்டில் போய்ச் சிக்கிக்கொண்டிருந்தன.

முறை இதுதான். என்ஜினின் கீழ்க்காலில் இருபுறமும் தண்ணீர் புகும் சல்லடைத் துளைகள் இருக்கும். காதில் மாட்டும் கவசம்போல இரண்டு ரப்பர்க் கிண்ணங்கள் கொண்ட இணைப்பு ஒன்று விற்கிறார்கள். அதைத் துளைகளின்மேல் கவ்வவிட்டு, தோட்டக் குழாயைச் செருகி, முதலில் தண்ணீரைத் திறக்க வேண்டும். என்ஜினைக் கிளப்புவது அதற்குப் பிறகு. கியரில் போடக்கூடாது, வேகம் கூட்டக்கூடாது, புரொப்பல்லர் பக்கம் யாரும் நிற்கக்கூடாது. பின்னால் தண்ணீர் தாரையாக வருகிறதா என்று கண் அதிலேயே இருக்க வேண்டும். துளைகள் வேறு இடத்தில் உள்ள என்ஜின்களும் உண்டு என்பதால் கையேட்டைப் பார்ப்பது நல்லது. இன்னொன்று: மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்தாலே இம்பெல்லரின் இதழ்கள் ஒரு பக்கமாக மடிந்தபடி இறுகிவிடும். ஆகவே ஓடவில்லையே, தேயவில்லையே என்று கணக்குப் போடாமல் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது என் வழக்கம்.

பெட்ரோலைப் பற்றிக் கட்டுரை மூச்சு விடவில்லை. சீசன் தொடக்கத்தில் கிளம்ப மறுக்கும் படகுகளில் பலவற்றின் நோய் அங்கேதான் இருக்கிறது. பல மாதம் டாங்கில் கிடந்த பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். மிஞ்சுவது பிசினாகி, கார்புரேட்டரின் ஊசிமுனைத் துளைகளை அடைத்துக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் இன்னொரு தொல்லை. எத்தனால் தண்ணீரைத் தன்னிடம் இழுக்கும். ஓர் அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். என்ஜினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அதே அடியிலிருந்துதான்!

நான் கணக்கெழுதிப் பிழைத்தவள். ஒரு வருடம் அரை டாங்க் பெட்ரோலைக் கழிக்க மனம் வராமல், மேலே புதியதை ஊற்றிச் சரிக்கட்டிவிடலாம் என்று பார்த்தேன். அந்த அரை டாங்கை மிச்சம் பிடித்ததற்கு ஈடாகக் கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றினோம். இப்போதெல்லாம் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, மூடி, சிறிது நேரம் அசையாமல் வைத்துவிடுகிறேன். நடுவில் கோடு தெரிந்தால் அந்தப் பெட்ரோல் படகுக்கு ஆகாது. தரையிலோ தண்ணீரிலோ கொட்டாமல், அபாயக் கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் ஒப்படைத்துவிடுவோம்.

உண்மையில் இது கோடைக்கு முன் செய்யும் வேலையே அல்ல. போன சீசன் முடிந்து படகை மூடிய அன்றே பெட்ரோலில் அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் என்ற மருந்தைக் கலந்து, குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட்டிருந்தால், மருந்து கார்புரேட்டர்வரை போய்ச் சேர்ந்திருக்கும். உங்கள் கட்டுரையோடு என் பெரிய மனத்தாங்கல் இதுதான். தண்ணீரில் இறக்குவதற்கு ஒரு வாரம் முன்பு தொடங்கினால் போதும் என்கிறது அது. எங்கள் வீட்டில் படகுக்கென ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது, 19 ஆண்டுகளாக. இடப்பக்கம், மூடிய நாளில் செய்தவை. வலப்பக்கம், எடுக்கும் நாளில் செய்ய வேண்டியவை. இடப்பக்கம் காலியாக இருந்த ஆண்டுகளிலெல்லாம் வலப்பக்கம் நிரம்பி வழிந்திருக்கிறது.

கியர் ஆயில், அதாவது என்ஜினின் கீழ்க்காலில் பற்சக்கரங்களுக்கு விடும் எண்ணெய், அந்த நோட்டில் இடப்பக்கத்துக்கு உரியது. கீழ்த்திருகைக் கழற்றி வடித்துப் பார்க்கும்போது எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அதை அப்படியே விட்டால் பற்சக்கரம் துருப்பிடிக்கும். கடுங்குளிர் வரும் ஊர்களிலோ உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரிந்து கூட்டையே பிளந்துவிடும். எங்களுக்கு ஒருமுறை அப்படி வெளுத்து வந்தபோது புரொப்பல்லரைக் கழற்றினோம். அதன் பின்னால் தண்டில் நைலான் தூண்டில் நூல் பந்தாகச் சுற்றி, எண்ணெய் கசியாமல் காக்கும் 'சீல்' வளையத்தை அறுத்திருந்தது. யாருடைய தூண்டில் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும், மேல்துளையில் வழியும்வரை. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கிவிடும். திருகுகளின் வாஷர்களை அப்போதே மாற்றிவிட வேண்டும்.

துருவைத் தன்மேல் வாங்கிக்கொண்டு மற்ற உலோகத்தைக் காக்கும் ஆனோடு கட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். உப்பு நீருக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மக்னீசியம். அலுமினியம் உப்பு நீருக்கும் உவர் நீருக்கும் ஏற்றது. பாதி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். அவை கரைவதற்கென்றே வைக்கப்பட்டவை. என் கணவர் ஒரு கோடையில் அவற்றுக்கும் சேர்த்து அழகாக வண்ணம் அடித்துவிட்டார். வண்ணம் பூசிய ஆனோடு எதையும் காக்காது. அந்த வருடம் அது மட்டும் புத்தம் புதிதாக இருந்தது, புரொப்பல்லர்தான் அரித்துப்போனது.

பாட்டரியைப் பற்றிக் கட்டுரை சொன்னது சரி. ஓய்வில் 12.6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்; காலியான நிலையில் மாதக்கணக்கில் கிடந்த பாட்டரி பெரும்பாலும் மீள்வதில்லை. படகை ஏற்றி இழுத்துச் செல்லும் டிரெய்லரின் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டை தேயாமலே முதுமையில் வெடிக்கும் டயர்கள் இவை. சக்கரத்தின் பேரிங்குகளுக்குக் கிரீஸ் வைக்க மறக்கக்கூடாது. ஓடிச் சூடேறிய அச்சைச் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் இறக்கும்போது அது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

மூடிவைப்பதில் எங்கள் பெரிய தவறு, படகை பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றியது. திறந்தபோது இருக்கையெல்லாம் பூஞ்சை. காற்றுப் போக வழிவிட்டு, மழை தேங்காதபடி நடுவில் முட்டுக்கொடுத்து, அணியம், அதாவது படகின் முன்முனை, சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்துவதே சரி. பின்பலகையின் அடியில் உள்ள வடிதுளைத் தக்கையைக் கழற்றிவிட்டால், எந்தத் தண்ணீர் புகுந்தாலும் தானே வடிந்துவிடும். கழற்றிய தக்கையை எங்கே வைப்பது? என்ஜின் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன். தக்கை இல்லாமல் தண்ணீரில் இறங்கிய படகை நான் பார்த்திருக்கிறேன். மின்னும் மெழுகோடு, மிக நிதானமாக அது அமிழ்ந்தது.

பாதுகாப்புச் சாமான்களுக்கு நோட்டில் தனிப் பக்கம் உண்டு. தானாக ஊதிக்கொள்ளும் உயிர்காப்பு அங்கி இருந்தால் அதன் வாயுக் குப்பியைக் கழற்றிச் சமையலறைத் தராசில் வையுங்கள். குப்பியின்மேல் பொறித்த எடைக்குக் குறைந்தால் அது வெறும் இரும்பு. தீயணைப்பான், அவசர ஒளிச்சுடர் இரண்டிலும் தேதி பாருங்கள். என்ஜின் மூடிய அறைக்குள் இருக்கும் படகென்றால், காற்றை வெளியேற்றும் விசிறியை 4 நிமிடமாவது ஓடவிட்ட பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிவயிற்றில்தான் தங்கும்.

இவை எல்லாவற்றையும் அச்சிட உங்களிடம் இடம் இருக்காது என்று தெரியும். வேறு எதை வெட்டினாலும், தண்ணீர்க் குழாய் பற்றிய திருத்தத்தை மட்டும் அடுத்த இணைப்பிலேயே போட்டுவிடுங்கள். படகை வெளியே எடுக்கும் காலம் வந்துவிட்டது. உங்கள் கட்டுரையை என் கணவர் கத்தரித்துப் படகுக் கொட்டகையின் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். கடைசிப் பத்தியில் அந்த வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்து, ரப்பர்க் கிண்ணங்களை அதன் பக்கத்திலேயே ஆணியில் மாட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி