விதி இருக்கு, அளக்க ஆளில்லை: வேலூரிலிருந்து டிராய்க்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) தலைவர் அவர்களுக்கும், தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். எந்தத் தளத்தையும் செயலியையும் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலையின் கதையை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. 2015இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் வந்து குவிந்தது உங்களிடம்தான். 2016 பிப்ரவரி 8 அன்று தளத்துக்குத் தளம் மாறும் பாகுபாட்டுக் கட்டணத்துக்குத் தடை போட்டதும் நீங்கள்தான். வேகத்திலும் பாகுபாடு கூடாது என்பது 2018இல் உரிம நிபந்தனையாகவே ஆனது. அந்த நிபந்தனையை யாராவது மீறினால் கண்டுபிடிப்பது யார்? இதைக் கேட்கத்தான் எழுதுகிறோம்.

வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளுக்கு இரவு எட்டு மணிக்கு மேல் ஒருமுறை வாருங்கள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசம் என்று எங்கிருந்தோ வந்து வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்கள் ஊரில் விட்டுவந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பது அந்த நேரத்தில்தான். வீடியோ கால் உறைந்து நிற்கிறது. அதே வைஃபையில் பக்கத்து அறையில் சினிமா தடங்கலின்றி ஓடுகிறது. ஸ்பீடு டெஸ்ட் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. புகார் கொடுத்தால், "எங்க சைடுல ஸ்பீடு கரெக்டா இருக்கு சார்" என்று டாக்கெட்டை (புகார்ப் பதிவை) மூடுகிறார்கள். மறுநாள் அதே நிறுவனத்திலிருந்து போன்: "பிசினஸ் பிளானுக்கு மாறிடுங்க, கால் எல்லாம் நல்லா போகும்." கோளாறே இல்லாத இணைப்பு கூடுதல் பணம் கட்டினால் எப்படிச் சரியாகும் என்று கேட்டால் பதில் இல்லை.

ஒரு வீடியோ காலுக்கு ஒன்றரை எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். ஆனால் அது தாமதம் பொறுக்காது. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி செகண்டைத் தாண்டினாலே பேச்சு ஒன்றோடொன்று மோதத் தொடங்கும். சினிமா அப்படியில்லை. வரப்போகும் காட்சிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதால் நடுவில் விழுந்த ஓட்டை வெளியே தெரியாது. இணைப்பு தொடங்கும்போது எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்ற பெயர் பெரும்பாலும் மறைக்கப்படாமலே போகிறது. அதைப் படித்து, குறிப்பிட்ட செயலியின் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) மட்டும் தனி வரிசையில் தள்ளி வரம்பு வைக்கும் கருவிகள் சந்தையில் உண்டு. ஸ்பீடு டெஸ்ட் சர்வரோ பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கும். அது காட்டும் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எல்லாமே சதி என்று நாங்கள் சொல்லவில்லை. யூடியூப் வீடியோக்களின் நகலை வைத்திருக்கும் கேஷ் பெட்டி இணைய நிறுவனத்தின் வளாகத்திலேயே இருந்தால் அது வேகமாகத்தான் ஓடும்; அது விதிமீறல் அல்ல. மாலை நெரிசலில், நிறுவனத்தை வெளி இணையத்தோடு சேர்க்கும் மேல்நிலை இணைப்பு நிரம்பினாலும் வீடியோ கால் உறையும். அதனால்தான் முதலில் வைஃபையை விட்டு லேன் வயரில் சோதிக்க வேண்டும். ஃபைபர் ஒளி அளவு மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே போயிருந்தால் கோளாறு வீட்டுக்கு வரும் ஃபைபர் தடத்திலேயே இருக்கிறது. பிறகு காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் ஒப்பிட வேண்டும். இரவில் எல்லாமே மெதுவானால் நெரிசல். ஒரே செயலி மட்டும் மெதுவாகி, அதே நிமிடத்தில் விபிஎன் (போக்குவரத்தை மறைத்து வேறு சர்வர் வழியாக அனுப்பும் வசதி) போட்டதும் சரியானால் சந்தேகப்படலாம். ஆனாலும் அது சாட்சி ஆகாது. விபிஎன் பாதையையே மாற்றிவிடுகிறது.

சாட்சிக்கு வழி இருக்கிறது. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'வீஹி' என்ற செயலி, பதிவு செய்த ஒரே இணையத் தரவுப் போக்குவரத்தை இரண்டு முறை அனுப்பும்: ஒருமுறை அடையாளத்தோடு, ஒருமுறை அடையாளத்தை அழித்து. இரண்டின் வேகமும் திரும்பத் திரும்ப வேறுபட்டால் யாரோ அடையாளம் பார்த்து நடத்துகிறார்கள் என்று பொருள். பிரான்சின் ஒழுங்குமுறை ஆணையம் இதைத் தன் மக்களிடமே கொடுத்தது. உங்களிடமும் வேகத்தை அளக்கும் 'மைஸ்பீடு' செயலி இருக்கிறது. இந்த ஒப்பீட்டை அதில் சேர்த்துக் கொடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

இப்போதைய வழி என்ன? கால் சென்டர், டாக்கெட், அதன்பின் மேல்முறையீடு. அதற்கு 39 நாள் வரை ஆகலாம். அதற்குள் நோயாளி ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். தனிநபர் புகாரை விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்பதும் தெரியும். கட்டணத்தில் பாகுபாடு காட்டினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம் என்று உங்கள் விதி இருக்கிறது. வேகத்தில் பாகுபாடு காட்டினால் அது உரிமம் சார்ந்தது, துறையைக் கேள் என்கிறீர்கள். இதைக் கண்காணிக்கப் பலதரப்பு அமைப்பு வேண்டும் என்று 2020 செப்டம்பரில் பரிந்துரைத்தவர்களும் நீங்கள்தான். அது எந்தக் கோப்பில் இருக்கிறது ஐயா?

கோட்டை இருக்கு ராஜா இல்ல, கோயில் இருக்கு சாமி இல்ல, ஆறு இருக்கு தண்ணி இல்ல என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். சாமிகூட 1981இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். உங்கள் விதியை அளக்கும் ஆள்தான் இன்னும் வரவில்லை.

கோபத்தில் சற்றுக் கூடப் பேசியிருந்தால் பொறுத்தருளுங்கள். மைஸ்பீடில் அந்த ஒப்பீட்டுச் சோதனையைச் சேர்க்குமாறும், 'குறிப்பிட்ட செயலி மட்டும் மெதுவாகிறது' என்று புகார் பட்டியலில் தனி வகை வைக்க நிறுவனங்களுக்கு உத்தரவிடுமாறும், இணையப் போக்குவரத்தை எப்போது எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதை அவர்கள் தமிழிலும் வெளியிடச் செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேலூர், காட்பாடி, குடியாத்தம் பகுதிகளில் ஃபைபர் இழுக்கும் பணியாளர்கள்