அன்னபேதியும் அதன் பெயரும்

தென்காசி,
ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள இராமலிங்கத்துக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்து சேர்ந்தது. மூட்டுவலி குறைந்து, மறுபடியும் காலை எட்டு மணிக்கெல்லாம் நாட்டு மருந்துக் கடையைத் திறந்துவிடுகிறாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. இங்கே சாரல் ஓய்ந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியும், மாலையில் முன்னறையில் நான்கைந்து பிள்ளைகளை உட்காரவைத்து வேதியியல் சொல்லித்தருவதை மட்டும் நான் விடவில்லை.

கயல்விழியைப் பற்றி நீ எழுதியிருந்த பகுதியை மூன்று முறை படித்தேன். வேதிப்பிணைப்பை ஒரு பாடமாகவும், சேர்மங்களுக்குப் பெயரிடுவதை வேறொரு பாடமாகவும் உருப்போட்டு, தேர்வு முடிந்த மறுநாளே இரண்டையும் மறந்துவிடுகிறாள் என்று வருந்தியிருந்தாய். மெக்னீசியம் குளோரைடில் குளோரின் இரண்டு இருந்தும் அதை டைகுளோரைடு என்று ஏன் சொல்வதில்லை, கார்பனோடு ஆக்சிஜன் இரண்டு சேர்ந்தால் மட்டும் டைஆக்சைடு என்று ஏன் சொல்கிறோம் என்று அவள் கேட்டதற்கு, விதி அப்படித்தான் என்று வகுப்பில் பதில் கிடைத்ததாம். உன் பேத்தி கேட்டது மிக நல்ல கேள்வி. முப்பது ஆண்டுகள் நானும் அந்தப் பதிலைத்தான் சொல்லி வந்தேன் என்பதை நினைக்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பெயரிடும் விதிகள் பிணைப்பிலிருந்து பிறந்தவை என்பதையும், பிணைப்பு தெரிந்தால் பெயர் தானாக வரும் என்பதையும் நான் பணியின் கடைசி ஆண்டுகளில்தான் தெளிவாக உணர்ந்தேன். அதை அவளுக்கு விளக்க உன் கடையைவிட நல்ல இடம் இல்லை.

உன் தந்தையார் காலத்திலிருந்து அந்த மர இழுப்பறைகளில் இருக்கும் பெயர்களை எண்ணிப் பார்: துருசு, அன்னபேதி, படிகாரம், நவச்சாரம், வெடியுப்பு, வெங்காரம். பார்வையிலும் பயனிலும் பழகியவர்கள் வைத்த பெயர்கள் அவை. வெடியுப்பு என்றால் அது என்ன செய்யும் என்பது பெயரிலேயே தெரிகிறது. ஆனால் அதில் பொட்டாசியமும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இருக்கின்றன என்பது தெரியாது. ஐரோப்பாவிலும் நிலைமை இப்படித்தான் இருந்தது. அங்கே ஆண்டிமனி வெண்ணெய் என்றும், துத்தநாகப் பூ என்றும், ஈயச் சர்க்கரை என்றும் பெயர்கள் வழங்கின. ஈயச் சர்க்கரை நாவுக்கு இனிக்கும் நஞ்சு. இனிப்பைச் சொன்ன பெயர் நஞ்சைச் சொல்லவில்லை. 1787ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கைட்டன் த மோர்வோ, லவாய்சியர், பெர்த்தோலே, ஃபூர்க்ருவா என்னும் வேதியியலாளர் நால்வர் கூடி, ஒரு பொருளின் பெயர் அதில் அடங்கிய தனிமங்களைச் சொல்ல வேண்டும் என்று வகுத்தார்கள். ஏழே ஆண்டுகளில் லவாய்சியர் கில்லட்டின் என்னும் தலைவெட்டும் கருவிக்கு இரையானார். அவர்கள் வகுத்த ஆக்சைடும் சல்பேட்டும் இன்று வரை நம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன.

இனி கயல்விழியின் கேள்விக்கு வருகிறேன். அவளை ஒரு கல்லுப்பை எடுத்து அம்மியில் வைத்து மெல்லத் தட்டச் சொல். அது மாவாக நொறுங்குவதற்கு முன் தட்டையான முகங்களோடு பிளக்கும். சோடியம் அணுவில் எலக்ட்ரான்கள் உள்ளிருந்து வெளியே சுற்றுக்குச் சுற்று 2, 8, 1 என்று அமைந்திருக்கின்றன. குளோரினில் 2, 8, 7. சோடியம் தன் கடைசி எலக்ட்ரானை விட்டுக்கொடுத்து நேர்மின்சுமையும், குளோரின் அதைப் பெற்று எதிர்மின்சுமையும் அடைகின்றன. இப்படி மின்சுமை பெற்ற அணுவையே அயனி என்கிறோம். அதற்குப் பிறகு இந்தச் சோடியம் இந்தக் குளோரினுக்கு உரியது என்ற தனி உறவு எதுவும் இல்லை. ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி ஆறு குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடையும் சுற்றி ஆறு சோடியம் அயனிகளும் நின்று, கல்லின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அந்த அடுக்கு தொடர்கிறது. நீ தட்டும்போது ஓர் அடுக்கு சற்றே நகர்ந்து, ஒத்த மின்சுமைகள் நேருக்கு நேர் வந்து ஒன்றையொன்று தள்ளுவதால்தான் கல் தட்டையாகப் பிளக்கிறது. அந்த அடுக்கைக் குலைத்து உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும்.

ஆகவே உப்புக்குள் மூலக்கூறு என்று தனியாக எதுவும் இல்லை. விகிதம் மட்டுமே இருக்கிறது. அந்த விகிதத்தையும் மின்சுமையே முடிவு செய்துவிடுகிறது. மெக்னீசியம் எப்போதும் இரண்டு எலக்ட்ரான்களை இழக்கும், குளோரின் ஒன்றைத்தான் ஏற்கும் என்று தெரிந்த பிறகு, ஒரு மெக்னீசியத்துக்கு இரண்டு குளோரைடு என்பதைத் தவிர வேறு கணக்குக்கு அங்கே இடமில்லை. தெரிந்த எண்ணிக்கையைப் பெயரில் மறுபடியும் சொல்லத் தேவையில்லை. இதுவே அவளுடைய கேள்வியின் முதல் பாதிக்கு விடை.

இரண்டாம் பாதிக்கு, உன் கடையில் இருக்கும் பச்சைக் கற்பூரத்தை எடுத்துக்கொள். அதைத் திறந்த தட்டில் வைத்தால் சில நாட்களில் காற்றோடு போய்விடுகிறது. அங்கே 10 கார்பன், 16 ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்று எண்ணி அமைந்த தனித்தனி மூலக்கூறுகள் இருக்கின்றன. மூலக்கூறுக்குள் அணுக்களைப் பிணைக்கும் பிடி வலுவானது. ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள பிடியோ மெல்லியது. அணுக்கள் எலக்ட்ரானைக் கொடுத்து வாங்காமல், ஆளுக்கொன்றாக இரண்டைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன என்ற கருத்தை அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் 1916இல் வெளியிட்டார். நாம் கரும்பலகையில் இரண்டு புள்ளிகளாக வைக்கும் எலக்ட்ரான் இணை அவரிடமிருந்து வந்தது.

இப்படிப் பகிர்ந்துகொள்ளும் அணுக்கள் ஒரே விகிதத்தில்தான் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மங்கள் அரை டஜனுக்குக் குறையாமல் உண்டு. இரண்டு நைட்ரஜனோடு ஓர் ஆக்சிஜன் சேர்ந்தது, அறுவை மருத்துவத்தில் நோயாளிக்கு வலி தெரியாமல் இருக்கக் கொடுக்கப்படும் வாயு. ஒரு நைட்ரஜனோடு இரண்டு ஆக்சிஜன் சேர்ந்தது, நுரையீரலை அரிக்கும் பழுப்பு நிற நச்சு வாயு. முன்னதை டைநைட்ரஜன் மோனாக்சைடு என்றும், பின்னதை நைட்ரஜன் டைஆக்சைடு என்றும் எண்ணிச் சொல்லியே ஆக வேண்டும். வெறுமனே நைட்ரஜன் ஆக்சைடு என்றால் எதைச் சொல்கிறோம் என்பது யாருக்கும் புரியாது. கார்பன் மோனாக்சைடும் கார்பன் டைஆக்சைடும் இப்படிப்பட்டவையே. மூடிய அறையில் அடுப்புக்கரி எரித்துவிட்டு உறங்கியவர்களைக் கொன்ற செய்திகளில் வருவது முன்னது. எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கும் அயனிப் பிணைப்பில் எண்ணிக்கை தானே முடிவாவதால் எண்ணைச் சொல்லும் முன்னொட்டு வேண்டியதில்லை, பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பில் முடிவாகாததால் வேண்டியிருக்கிறது என்று கயல்விழியிடம் சொல். மோனோ, டை, ட்ரை என்பவற்றை அவள் இனி உருப்போட மாட்டாள்.

ஆனால் இதைச் சொன்னவுடன் அவள் இரும்பைப் பற்றிக் கேட்பாள். கேட்காவிட்டால் நீ கேட்க வை. இங்கேதான் உன் அன்னபேதி எனக்கு உதவுகிறது. சென்ற பங்குனியில் நான் உன் கடைக்கு வந்திருந்தபோது, கல்லாவுக்குப் பின்னால் இருந்த அன்னபேதி டப்பாவின் மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தது நினைவிருக்கிறதா? உள்ளே அடியில் கிடந்த கட்டிகள் இளம்பச்சையாகக் கண்ணாடி போல இருந்தன. மேலே கிடந்தவற்றின் மீது மஞ்சளும் பழுப்பும் கலந்த பொருக்கு படிந்திருந்தது. நான் ஒரு கட்டியை நகத்தால் சுரண்டியபோது பொருக்கு உதிர்ந்து, அடியில் அதே பச்சை தெரிந்தது. நீயோ இரண்டையும் அன்னபேதி என்றே சொன்னாய். கடை வழக்கில் அது சரிதான்.

வேதியியல் வழக்கில் அது இரண்டு பொருள். சோடியத்தையும் மெக்னீசியத்தையும் போல இரும்பு ஒரே கணக்கில் நிற்பதில்லை. வெளிச்சுற்றிலுள்ள இரண்டு எலக்ட்ரான்களை இழந்து அது நிற்கலாம்; உள்கூட்டிலிருந்து இன்னொன்றையும் சேர்த்து மூன்றை இழந்தும் நிற்கலாம். பச்சைக் கட்டியில் இருப்பது இரண்டை இழந்த இரும்பு. ஈரக் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் அதனிடமிருந்து மூன்றாவது எலக்ட்ரானையும் கவர்ந்துகொண்டதால் மேலே பழுப்புப் பொருக்கு உண்டாகிறது. நாம் பள்ளியில் படித்தபோது முன்னதைப் பெரஸ் என்றும் பின்னதைப் பெரிக் என்றும் சொன்னோம். எது எந்தக் கணக்கு என்பதை அந்தச் சொற்கள் காட்டுவதில்லை என்பதால் நான் பலமுறை குழம்பியிருக்கிறேன். ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1919இல் ஒரு வழி சொன்னார்: உலோகத்தின் பெயரை அடுத்து, அடைப்புக்குறிக்குள் அதன் ஆக்சிஜனேற்ற எண்ணை, அதாவது அது எத்தனை எலக்ட்ரான்களை இழந்த கணக்கில் நிற்கிறது என்பதை, ரோமன் இலக்கத்தில் எழுதிவிட வேண்டும். எனவே உன் டப்பாவின் அடியில் இருப்பது இரும்பு(II) சல்பேட்; வாயால் படிக்கும்போது இரும்பு இரண்டு சல்பேட். மேலே படிந்திருப்பதில் இரும்பு மூன்று. பெயரிலுள்ள அந்தச் சிறிய இலக்கம் கண்ணெதிரே மாறுவதை இதைவிட அருகில் காட்டும் பொருளை நான் எந்த ஆய்வகத்திலும் பார்த்ததில்லை.

இந்த இலக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு உன் தந்தையார் பூட்டி வைத்திருந்த மேலடுக்கு அலமாரியைத்தான் சொல்ல வேண்டும். அதில் வீரமும் பூரமும் தனித்தனிச் சாடிகளில் இருந்தன. நம் இருவரையும் அவர் அந்தப் பக்கமே விடமாட்டார். இரண்டும் வெண்மை, இரண்டும் பாதரசமும் குளோரினும் சேர்ந்தவை. வீரம் என்பது பாதரச இரண்டு குளோரைடு, பூரம் என்பது பாதரச ஒன்று குளோரைடு. வீரம் 100 மில்லி தண்ணீரில் ஏழு கிராம் அளவுக்குக் கரைந்துவிடும். பூரம் அநேகமாகக் கரைவதே இல்லை. கரைவது உடனே இரத்தத்தில் ஏறும் என்பதால் வீரம் கொடிய நஞ்சு. பூரமோ மேல்நாடுகளில் நெடுங்காலம் பேதிமருந்தாகவும், பல் முளைக்கும் குழந்தைகளுக்கான பொடியிலும் கொடுக்கப்பட்டு, அதுவும் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறது என்று தெரிந்து, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் கைவிடப்பட்டது. கல்லூரி ஆய்வகத்தில் எங்கள் பேராசிரியர் இரண்டு பீங்கான் வில்லைகளில் இவற்றைச் சிட்டிகை சிட்டிகையாக வைத்து, சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காட்டினார். வீரம் மஞ்சளாயிற்று, பூரம் கரியாகக் கறுத்தது. அன்று பார்த்த அந்தக் கறுப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

பூரத்தின் வாய்பாட்டில் பாதரசம் இரண்டு, குளோரின் இரண்டு என்று எழுதுவார்கள். அதைச் சுருக்கி ஒன்றுக்கு ஒன்று என்று ஏன் எழுதக்கூடாது என்று கயல்விழி நிச்சயம் கேட்பாள். அங்கே இரண்டு பாதரச அணுக்கள் தமக்குள் ஓர் எலக்ட்ரான் இணையைப் பகிர்ந்துகொண்டு, ஒன்றையொன்று பிடித்தபடி ஒரே அயனியாக நிற்கின்றன. சுருக்கினால் அந்தப் பிடி மறைந்துபோகும். வீரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. குளோரைடு என்று உப்பைப் போல அதற்குப் பெயர் வைத்திருந்தாலும், அதன் பிணைப்பு பெரும்பாலும் சகப்பிணைப்பே. பிணைப்பில் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் வலிமையான எலக்ட்ரான் கவர்தன்மை, சோடியத்துக்கு 0.93, பாதரசத்துக்கு 2.00, குளோரினுக்கு 3.16 என்று வேதியியலாளர் பாலிங் வகுத்த அளவுகோல் சொல்கிறது. இந்த வேறுபாடு குறையக் குறையப் பகிர்வு கூடும். சோடியத்துக்கும் குளோரினுக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிதான் பாதரசத்துக்கும் குளோரினுக்கும் இடையே இருக்கிறது. அதனால்தான் சூடேற்றினால் வீரம் கற்பூரம் போல ஆவியாகிப் படிகிறது. நம் வைத்தியர்கள் அதைப் பதங்கித்து எடுக்க முடிந்ததற்கும் அதுவே காரணம். உலோகம் இருந்தால் அயனி முறையில் பெயர் வைப்பது என்ற வழக்கம் வசதிக்காக ஏற்பட்டது. பிணைப்பு அந்த வழக்கத்துக்கு எப்போதும் கட்டுப்படுவதில்லை என்பதை அவளிடம் மறைக்காமல் சொல். ரோமன் இலக்கத்தைப் பெயருக்குள் கொண்டுவந்த ஸ்டாக், தம் ஆய்வுக் கருவிகளிலிருந்து பல ஆண்டுகள் பாதரச ஆவியைச் சுவாசித்து நோயுற்றார் என்பதையும், 1926இல் அந்த ஆபத்தைப் பற்றி எழுதி மற்றவர்களை எச்சரித்தார் என்பதையும் கூடச் சொல். வீரத்தையும் பூரத்தையும் அவள் கையில் மட்டும் கொடுத்துவிடாதே.

அன்னபேதியைக் கொடுக்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு கட்டிகளை அவள் கையாலேயே இரண்டு சிறு புட்டிகளில் போடச் சொல். ஒன்றை இறுக மூடி மெழுகு வைத்து அடைக்கட்டும், மற்றதை மழைக்காலம் முழுவதும் ஜன்னலோரம் திறந்தே வைக்கட்டும். கை கழுவ மறக்க வேண்டாம். வாரம் ஒரு முறை பார்த்து, நிறத்தையும், அன்றைக்கு அதற்கு என்ன பெயர் எழுதுவாள் என்பதையும் தேதி போட்டுக் குறிக்கட்டும். அதனோடு அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது, பாஸ்பரஸ் ஒன்றோடு குளோரின் ஐந்து சேர்ந்தது, தாமிரம் இரண்டோடு ஆக்சிஜன் ஒன்று சேர்ந்தது ஆகிய மூன்றுக்கும், புத்தகத்தைப் பார்க்காமல், பிணைப்பை மட்டும் யோசித்துப் பெயர் எழுதி எனக்கு அனுப்பட்டும். எந்தப் பெயருக்கு முன்னொட்டு வேண்டும், எதற்கு ரோமன் இலக்கம் வேண்டும், எதற்கு இரண்டுமே வேண்டாம் என்பதற்கு ஒவ்வொரு வரியில் காரணமும் எழுதச் சொல். நான் திருத்தி மறு தபாலில் அனுப்புகிறேன்.

தை பிறந்ததும் மருமகனோடு மதுரைக்கு வருவதாக இருக்கிறேன். அப்போது அந்த இரண்டு புட்டிகளையும் நான் பார்க்க வேண்டும். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். முழங்காலுக்கு எண்ணெய் தடவுவதை விட்டுவிடாதே.

என்றும் உன்,
சண்முகம்