மங்கைக்கு, நைல் பயணம் முடிந்து

திருச்சி

அன்புள்ள மங்கை,

நான் ஊரில் இல்லாதபோது வந்த உன் கடிதத்தைப் பக்கத்து வீட்டு அம்மாள் வாங்கி வைத்திருந்தார். முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, வாசல் வரை கைத்தடி இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. பேத்தி சிலம்பம் கற்றுக்கொள்கிறாளாமே, அடுத்த முறை வரும்போது எனக்குச் சுற்றிக் காட்டச் சொல்.

எகிப்து எப்படி இருந்தது என்று கேட்டிருந்தாய். லக்சரில் கப்பல் ஏறி அஸ்வானில் இறங்கினோம். எல்லாம் மகளின் ஏற்பாடு. பகலில் கோயில், மாலையில் மேல்தளத்தில் ஒரு நாற்காலி, கையில் கர்கடே. அங்கே செம்பருத்தி இனப் பூவைக் காயவைத்துப் போடுகிற அந்தச் சிவப்புப் பானத்தைச் சூடாகவும் குளிர்ச்சியாகவும் கொடுக்கிறார்கள். இரண்டு கரையிலும் பேரீச்சை, கரும்பு, கழுதை வண்டி. அந்தப் பச்சை சில வயல் அகலம்தான், அதற்கு அப்பால் மொட்டைப் பாலைவனம். நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. அதனால் ஆற்றை எதிர்த்துப் போகப் பாய் விரித்தால் போதும், திரும்பி வர நீரோட்டமே இழுத்து வந்துவிடும். அவ்வளவு கல்லையும் தானியத்தையும் நகர்த்தி ஒரு பேரரசு நடந்ததற்கு இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய துணை என்பது, ஃபெலுக்கா என்கிற பாய்மரப் படகில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கர்னாக் கோயிலின் 134 தூண் மண்டபம், மன்னர்களைப் புதைத்த அரசர் பள்ளத்தாக்கு, துத்தன்காமுன் கல்லறை இவற்றைப் பற்றியெல்லாம் நீயே நிறையப் படித்திருப்பாய். நான் உனக்கு எழுத நினைத்தது வேறு ஓர் இடத்தைப் பற்றி. லக்சருக்கு எதிர்க்கரையில் உள்ள தேர் எல்-மதீனா. கப்பல்காரர்கள் கொடுத்த பட்டியலில் அது இல்லை. மகளிடம் பிடிவாதமாகச் சொல்லித் தனியாக வண்டி பிடித்துப் போனேன்.

அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளை வெட்டி, சுவருக்குச் சாந்து பூசி, ஓவியம் தீட்டிய தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த கிராமம் அது. இன்று இடுப்பளவு சுவர்கள்தான் மிச்சம். நடுவில் ஒரு குறுகலான தெரு, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள். கிராமத்தில் கிணறு கிடையாது. தண்ணீரைக் கீழேயிருந்து சுமந்து வந்து கொடுக்கவே அரசு ஆள் வைத்திருந்தது. நாணயம் இல்லாத காலம் என்பதால் கூலி தானியமாகத்தான் வந்தது, ரொட்டிக்குக் கோதுமை, பீருக்குப் பார்லி.

இனி வருவதை நீ கவனமாகப் படிக்க வேண்டும், தொழிற்சங்கத்துக்காரி. மூன்றாம் ராம்சேஸ் ஆட்சியின் 29-ஆம் ஆண்டில், கி.மு. 1157 வாக்கில், தானியம் வந்து சேரவில்லை. தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு, காவல் சுவர்களைத் தாண்டி இறங்கிப்போய், மூன்றாம் துத்மோஸ் கோயிலின் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். மாதத்தில் 18 நாள் போய்விட்டது, எங்களுக்குப் பசிக்கிறது என்றார்கள். பிறகு முந்தைய மன்னர் இரண்டாம் ராம்சேஸின் பெயரால் அமைந்த இன்னொரு கோயிலுக்கும் போனார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, இதை மன்னருக்கு எழுதுங்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டிருக்கிறார்கள். கடைசியில் பாக்கித் தானியம் வந்தது. அடுத்தடுத்து மறுபடியும் தாமதமாக, மறுபடியும் உட்கார்ந்தார்கள். இதையெல்லாம் எழுதிவைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) இத்தாலியில் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகத்தில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்கிறார்கள். அந்தத் தெருவில் நின்றபோது, மழையில் டெலிபோன் ஆபீஸ் வாசலில் நீ குடை பிடித்துக்கொண்டு பேசியது நினைவுக்கு வந்து எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இன்னொன்றும் உனக்குப் பிடிக்கும். அவர்கள் சுண்ணாம்புக்கல் சில்லுகளில் கணக்கு, கடன், சண்டை என்று எல்லாவற்றையும் எழுதிவைத்தார்கள். ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கிறது. இரண்டாம் ராம்சேஸின் 40-ஆம் ஆண்டு வருகைப் பதிவேடு ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. யார், எந்த நாள், ஏன் வரவில்லை என்று வரிசையாகக் குறித்திருக்கிறது. தேள் கொட்டியது, கண் வலி, பீர் வடிக்க வேண்டும், இறந்த தாயின் உடலைத் துணியில் சுற்ற வேண்டும். வீட்டில் மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு என்று ஆண்கள் விடுப்பு எடுத்ததும் அதில் இருக்கிறது! எத்தனை வருஷம் வகுப்பில் எகிப்து பாடம் நடத்தினேன், பிரமிடும் மம்மியும் சொன்ன அளவுக்கு இந்த மனிதர்களைச் சொல்ல எந்தப் பாடப்புத்தகமும் இடம் தரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

கிராமத்துக்குப் பக்கத்துக் குன்றில் தங்களுக்கும் கல்லறை வெட்டிக்கொண்டார்கள். சென்னெத்ஜெம் என்பவருடையதற்குச் செங்குத்தான படியில் குனிந்து இறங்க வேண்டும். உள்ளே சின்ன அறை, மஞ்சள் பூசிய சுவர். நேற்றுத் தீட்டியது மாதிரி வண்ணம். ஒரு சுவரில் அவரும் மனைவி ஈனெஃபெர்த்தியும் மறுமையில் பயிர் செய்கிறார்கள். அவர் கதிர் அறுக்கிறார், அவள் பின்னாலேயே பொறுக்கிச் சேர்க்கிறாள். கீழே அவர் மாடு பூட்டி உழ, அவள் விதைக்கிறாள். உழுவதற்கு உடுத்தியிருப்பதோ பளிச்சென்ற வெள்ளைத் துணி. வாழ்நாளெல்லாம் பிறருக்குச் சொர்க்கம் வரைந்த கைகள் தங்களுக்கென்று கேட்டது ஒரு வயலையும், கூட வேலை செய்ய மனைவியையும். மகள் மேலேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், எனக்கு வரவே மனசில்லை.

எஸ்னாவில் கப்பல் மதகுக்காகக் காத்திருக்கும்போது, வியாபாரிகள் சின்னப் படகில் வந்து, மேஜை விரிப்பையும் கலாபியா அங்கியையும் பிளாஸ்டிக் பையில் போட்டு மேல்தளத்துக்கே வீசுகிறார்கள். வேண்டும் என்றால் பணத்தை அதே பையில் கீழே போட வேண்டும். எத்ஃபூவில் ஹோரஸ் என்கிற பருந்துத் தெய்வத்தின் கோயில் கூரையோடு முழுசாக நிற்கிறது. கட்டத் தொடங்கியது கி.மு. 237, முடித்தது 57. கோம் ஓம்போவில் முதலை மம்மிகளைப் பார்த்தோம், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அஸ்வானில் முடிவுபெறாத ஒபெலிஸ்க், அதாவது ஒற்றைக்கல் கூர்தூண் ஒன்று, பாறையிலேயே படுத்துக்கிடக்கிறது. நீளம் ஏறக்குறைய 42 மீட்டர், எடை ஆயிரம் டன்னுக்கு மேல். விரிசல் விட்டதால் அப்படியே கைவிட்டார்கள். இரும்பு உளி இல்லாத காலம். டோலரைட் என்கிற கடினமான கல் உருண்டையை இரண்டு கையாலும் பிடித்துக் குத்திக் குத்தியே கிரானைட்டைக் குடைந்திருக்கிறார்கள். ஓர் ஆள் குந்தி உட்காரும் அகலத்துக்கு வாய்க்கால், அதில் அடுத்தடுத்து வழவழப்பான குழிவுகள். ஒரு குழிவில் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், வெயிலில் சுட்டது. எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று மேற்பார்வையாளர்கள் செங்காவியில் கோடு போட்டு அளந்த தடயமும் இங்கே கிடைத்திருக்கிறது.

அபு சிம்பெலுக்கு விடியற்காலையில் பஸ். அஸ்வான் உயர் அணை கட்டினால் முழுகிவிடும் என்று 1964 முதல் 1968 வரை அந்த மலைக்கோயில் இரண்டையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, பழைய இடத்தைவிட 65 மீட்டர் உயரத்தில் திரும்பப் பொருத்தினார்கள். உட்கார்ந்த இரண்டாம் ராம்சேஸ் சிலை ஒவ்வொன்றும் 20 மீட்டர். பார்த்ததும் வாய் திறக்கவில்லை, அது உண்மை. ஆனால் கப்பலில் எங்களுக்குப் பரிமாறிய நூபியப் பையன் (நூபியர்கள் தெற்கு எகிப்தின் நைல் கரைப் பூர்வகுடிகள்), தன் பாட்டியின் ஊர் அணையால் உண்டான நாசர் ஏரிக்கு அடியில் இருக்கிறது என்று முந்தின நாள் சொல்லியிருந்தான். ஏறக்குறைய 50,000 எகிப்திய நூபியர்களை 1963-64-இல் கோம் ஓம்போ பக்கம் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். ஆற்றையும் பேரீச்சந்தோப்பையும் விட்டு, ஆறு கண்ணில் படாத இடத்துக்கு. அணையால் மின்சாரம் வந்தது, 1980-களின் வறட்சியில் எகிப்து தப்பியது, அதை நான் மறுக்கவில்லை. கோயில்களைக் காப்பாற்ற உலகமே கைகொடுத்ததும் நல்ல காரியம்தான். அந்த அக்கறையில் பாதியாவது அந்த ஜனங்களுக்குக் கிடைத்திருக்கலாம் என்றுதான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அஸ்வானில் நூபிய அருங்காட்சியகம் இருக்கிறது, வருகிறவர்கள் அதைத் தவறவிடவே கூடாது.

நம்மவர்களும் அந்தப் பக்கம் போனவர்கள்தானே. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஒரு கோயிலில் ஏழு கிலோவுக்கு மேல் மிளகு, நம் நாட்டுத் தாழியிலேயே கிடைத்தது. அதே கடற்கரையில் குசெய்ர் அல்-கதீமில் ‘பானை ஒறி’ (பானை உறி) என்று தமிழ் பிராமியில் எழுதிய ஓடு கிடைத்திருக்கிறது. சேர நாட்டு முசிறியிலிருந்து போன சரக்கு ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, லக்சருக்கு வடக்கே கொப்டோஸில் படகேறி, இதே நைல் வழியாகத்தான் அலெக்சாந்திரியாவுக்குப் போனது.

நீ அவசியம் போய் வர வேண்டும், மங்கை. இந்த வருஷம் வேண்டாம், கால் நன்றாகத் தேறட்டும். அக்டோபருக்கு மேல் ஏப்ரலுக்குள் போ, வெயில் தாங்கும். கப்பலில் கீழ்த்தளம் கேட்காதே. துறையில் பல கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்துவதால் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கப்பலின் ஜன்னல்தான் தெரியும், கரை சேர நாலைந்து கப்பலின் வரவேற்பறை வழியாக நடக்கவும் வேண்டும். அரசர் பள்ளத்தாக்கில் வாசலிலிருந்து பேட்டரி வண்டி உண்டு. கல்லறைகளில் சிலவற்றில் மரப்பாதை சரிவாக இருக்கிறது, அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள். சென்னெத்ஜெம் கல்லறைப் படி உனக்குச் சரிவராது, அதனால் அந்தச் சுவரின் பெரிய படத்தை இத்தோடு வைத்திருக்கிறேன்.

மறக்காமல் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார், ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். முடிந்துவிட்டால் இப்போதே புதுப்பிக்கக் கொடு. சரோஜாவுக்கு மாற்றல் கிடைத்ததா என்றும் எழுது.

அன்புடன்,
கமலா