ஆகஸ்ட் 1 இசைக் கண்காட்சி: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து 'இசையில் இந்த நாள்' என்று ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். எடுத்துக்கொண்ட நாள் ஆகஸ்ட் 1. அன்று பிற்பகல் 2.30 மணி முதல் 3.30 வரை பள்ளி அரங்கில் நடக்கும். சில நாட்களாக உங்கள் போனை வாங்கிக்கொண்டு "நியூயார்க்கில் இப்போ மணி என்ன?" என்று பிள்ளை குடைந்துகொண்டிருந்தால் காரணம் இதுதான்.

'வரலாற்றில் இன்று' என்று பட்டியல் போடுவது சுலபம். இணையத்தில் தேடினால் ஐந்து நிமிடத்தில் ஒரு பக்கம் நிரம்பிவிடும். அப்படி எடுத்து வரும் பட்டியலை நாங்கள் ஏற்பதில்லை. ஒவ்வொரு வரிக்கும் மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும். அன்று நடந்தது பிறப்பா, ஒலிப்பதிவா, வெளியீடா, மேடை நிகழ்ச்சியா? எந்த ஊரில் நடந்தது? அந்த ஊர்க் கடிகாரத்தில் மணி என்ன? இதற்குத் தாக்குப்பிடித்தவை மட்டும் சுவருக்கு வருகின்றன. ஐந்தே சார்ட்தான். குறைவாக இருக்கிறதே என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள்.

சுவரில் பாதி இடத்தைப் பிடிப்பது 1971. ஆகஸ்ட் 1 அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்ற பெரிய உள்ளரங்கில் பகல் 2.30-க்கு ஒன்று, இரவு 8 மணிக்கு ஒன்று என இரண்டு காட்சிகள். இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 40,000 பேர். 'கான்சர்ட் ஃபார் பங்களாதேஷ்' என்பது பெயர். 1970 நவம்பரில் அடித்த போலா புயலில் கிழக்குப் பாகிஸ்தானில் (இன்றைய பங்களாதேஷ்) லட்சக்கணக்கானோர் மாண்டுபோனார்கள். அடுத்த மார்ச்சில் பாகிஸ்தான் ராணுவத்தின் ஒடுக்குமுறை தொடங்கியதும் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் அகதிகள் வந்து குவிந்தார்கள். சிதார் மேதை ரவிசங்கர் வங்காளக் குடும்பத்தவர். ஏதாவது செய்ய வேண்டும் என்று, தன்னிடம் சிதார் கற்ற, 'பீட்டில்ஸ்' என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசனிடம் பேசினார். ரவிசங்கர் மனதில் இருந்த தொகை 25,000 டாலர் அளவுதான். ஹாரிசன் எல்லோருக்கும் போன் போட்டுச் சில வாரங்களிலேயே ஆள் சேர்த்தார்: ரிங்கோ ஸ்டார், எரிக் கிளாப்டன், பில்லி பிரஸ்டன், லியான் ரஸ்ஸல். புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் மேடைக்கு வருவாரா என்பது கடைசி நிமிடம் வரை நிச்சயமில்லை. கிதாரில் ஒட்டியிருந்த பாடல் வரிசைத் தாளில் டிலன் பெயருக்குப் பக்கத்தில் ஹாரிசன் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தார். டிலன் வந்தார்.

நிகழ்ச்சியின் முதல் பகுதி இந்திய இசை. சிதார் ரவிசங்கர், சரோத் அலி அக்பர் கான், தபலா அல்லா ரக்கா, தம்புரா கமலா சக்ரவர்த்தி. சிறிது நேரம் சுருதி சேர்த்துவிட்டு நிறுத்தினார்கள். அரங்கமே கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருக்கிறது என்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்ற பொருளில் ரவிசங்கர் சொன்னார். இசைத்தட்டிலேயே அது இருக்கிறது.

இதைச் சொல்லி வெள்ளைக்காரர்களைக் கேலி செய்வது நம்மிடையே வழக்கம். சார்ட்டில் அந்தத் தொனி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். அதற்குப் பதிலாக, சுருதி சேர்க்க ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு குழு படம் போட்டு விளக்கும். சிதாரில் மேலே வாசிக்கும் தந்திகள் ஆறேழு. அவற்றுக்கு அடியில், விரல் படாமல் தானாக அதிரும் தந்திகள் பதினொன்று முதல் பதின்மூன்று வரை, தரப் என்பார்கள். மேல் தந்தியை மீட்டும்போது அதே சுரத்தில் நிற்கும் அடித்தந்தியும் கூடவே ஒலிக்கும். அடித்தந்தி இம்மியளவு விலகினாலும் அது அதிராது, சிதாரின் அந்தக் கணீர் போய்விடும். ராகம் மாறினால் அடித்தந்திகளையும் மாற்றிச் சேர்க்க வேண்டும். மேடை விளக்கின் சூட்டில் எஃகுத் தந்தி நீண்டு சுருதி இறங்கும். ஆகவே உள்ளறையில் சேர்த்துக்கொண்டு வந்தாலும் மேடையில் இன்னொரு தடவை பார்த்தே ஆகவேண்டும். வீணையோ வயலினோ கற்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதை உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்தக் கடிகார விஷயம். ஆகஸ்டில் நியூயார்க்கில், கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்தி வைக்கும் கோடைக்கால நேரம் நடக்கும்; லண்டன் கிரீன்விச் நேரத்துக்கு 4 மணி நேரம் பின்னால். நாம் ஐந்தரை மணி முன்னால். வித்தியாசம் ஒன்பதரை மணி. பகல் 2.30-உடன் ஒன்பதரையைக் கூட்டிப் பாருங்கள்: சரியாக நள்ளிரவு 12. பகல் காட்சி தொடங்கிய நொடியில் இந்தியாவில் ஆகஸ்ட் 2 பிறந்துவிட்டது. இரவுக் காட்சி நமக்கு ஆகஸ்ட் 2 காலை 5.30. எந்த மக்களுக்காகப் பாடினார்களோ அவர்கள் நாட்டுக் கடிகாரத்தில் அந்தக் கச்சேரியின் ஒரு நிமிடம்கூட ஆகஸ்ட் 1-இல் நடக்கவில்லை. அப்படியானால் எந்தத் தேதியை எழுதுவது? நிகழ்ச்சி நடந்த ஊரின் தேதியைப் பெரிதாக எழுதி, அடியில் இந்திய நேரத்தைச் சின்னதாகக் குறிக்கச் சொல்லியிருக்கிறோம்.

வீட்டில் கணக்குப் போட உதவுகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. நியூயார்க்குக்கும் நமக்கும் பத்தரை மணி நேரம் என்று பலர் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அது குளிர்கால வித்தியாசம். அதைப் போட்டால் பகல் காட்சி ஒரு மணி ஆகிவிடும். மைக்கேல் ஜாக்சன் விஷயத்திலும் இதே சிக்கல்தான். அவர் இறந்தது லாஸ் ஏஞ்சலிஸில் 2009 ஜூன் 25 பகல் 2.26-க்கு, நமக்கு அப்போது 26-ஆம் தேதி விடியற்காலை 2.56. வீட்டில் யாராவது 26 என்று அடித்துச் சொன்னால் அவர் நினைவில் பிழை ஒன்றுமில்லை.

இரண்டாவது பெரிய சார்ட் 1981, சனிக்கிழமை. நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம், 12.01-க்கு அமெரிக்காவில் பாட்டு வீடியோக்களுக்கென்றே ஒரு டி.வி. சேனலான எம்.டி.வி. தொடங்கியது. அப்பல்லோ 11 ராக்கெட், அந்த ஏப்ரலில்தான் முதன்முறை பறந்திருந்த கொலம்பியா விண்வெளி ஓடம் ஆகியவற்றின் புறப்பாட்டுக் காட்சி, ஒரு வரி அறிவிப்பு, உடனே முதல் பாட்டு. 'பகிள்ஸ்' என்ற பிரிட்டிஷ் குழுவின் பாட்டு அது. ரேடியோ நட்சத்திரத்தை வீடியோ கொன்றுவிட்டது என்பது அதன் பல்லவி. தொடக்க நாளுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். ஆனால் பாட்டு வந்தது 1979-இல்; அந்த ஆண்டே பிரிட்டனில் முதலிடம் பிடித்துவிட்டது. '1981-இல் வெளியானது' என்று எழுதினால் சார்ட் திரும்பி வரும். அந்த வீடியோவில் கீபோர்டுக்குப் பின்னால் சில நொடி தெரியும் இளைஞர் ஹான்ஸ் ஸிம்மர், பிற்பாடு ஹாலிவுட்டின் பெரிய இசையமைப்பாளர் ஆனவர். பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்திருக்கிறது. தேதிக்குச் சம்பந்தமில்லை என்றாலும் விட்டுவைத்தோம்.

சேனல் என்னவோ நியூயார்க்கில் இருந்தது, ஆனால் அந்த நகரின் மன்ஹாட்டன் பகுதி வீடுகளில் அது தெரியவில்லை. கேபிள் இணைப்பு ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில்தான் இருந்தது. ஆகவே நடத்தியவர்கள் ஃபோர்ட் லீ என்ற ஊரில் ஒரு உணவகத்துக்குப் போய் உட்கார்ந்து தங்கள் சேனலைத் தாங்களே பார்த்தார்கள். நடுநடுவே ஊழியர் டேப்பை மாற்றும்போது திரை கறுத்துப் போனது. இந்தியாவில் அப்போது அதே ஆகஸ்ட் 1 காலை 9.31. கலிஃபோர்னியாவில் இன்னும் ஜூலை 31 இரவு 9.01 தான். ஒரே நொடி, இரண்டு தேதி.

மற்ற மூன்றும் சின்ன சார்ட். 1942-இல் 'கிரேட்ஃபுல் டெட்' ராக் குழுவின் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா சான்ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தார். பிறப்பு என்பதால் வம்பில்லை. 1960-இல் பதினெட்டு வயது அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக, தயாரிப்பாளர் ஜான் ஹாமண்டின் மேற்பார்வையில், முதன்முதலாகப் பாடிப் பதிவு செய்தார். இது பதிவு நாள், கடைக்கு வந்த நாள் அல்ல. 1964-இல் பீட்டில்ஸின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாட்டு அமெரிக்காவில் முதலிடம் என்பது, பாடல் தரவரிசை வெளியிடும் பில்போர்டு இதழின் மேல் அச்சிட்ட தேதி. நம் வார இதழ்கள் வரப்போகும் தேதியைப் போட்டுக் கடைக்கு வருவது போலத்தான் அதுவும். கணக்கெடுத்த நாட்கள் அதற்கு முந்தியவை.

"நம்ம பாட்டு ஏன் இல்லை?" என்று தாத்தா பாட்டிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆகஸ்ட் 1-க்கு எங்கள் மூன்று கேள்வியையும் தாண்டி வந்த தமிழ்ப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை, வலிந்து நுழைக்கவில்லை. ஆனால் நம்மிடமும் தேதிக் குழப்பம் உண்டு. கண்ணதாசனும் எம்.எஸ்.விஸ்வநாதனும் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்பது எல்லோரும் சொல்வது. ஜூன் 24 என்பது சரி. ஆனால் கவிஞர் 1927-இல் சிறுகூடல்பட்டியில், மெல்லிசை மன்னர் 1928-இல் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில். 'ஒரே நாள்' என்று மட்டும் எழுதினால் படிப்பவர் இரட்டையர்போல எண்ணிக்கொள்வார்.

வீட்டில் பழைய இசைத்தட்டு இருந்தால் உறையையும் நடு லேபிளையும் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பினால் போதும். தட்டைப் பையில் போட்டு அனுப்ப வேண்டாம். 78 வேகத் தட்டு அரக்கால் ஆனது; கீழே விழுந்தால் உடைந்துவிடும். வினைல் எல்.பி. விழுந்தால் தாங்கும், ஆனால் பள்ளி வேனின் சூட்டில் சாய்ந்து கிடந்தால் வளைந்துபோகும். துடைக்க வேண்டுமென்றால் 78 தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும். 78-ஐ எல்.பி. முள்ளில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். அதன் பள்ளம் அகலம். மெல்லிய முள் அடியில் கிடந்து அழுக்கை வாருமே தவிரப் பாட்டைத் தொடாது. லேபிளில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கிலப் 'பி' எழுத்தும் பக்கத்தில் ஆண்டும் இருந்தால், அந்த ஒலிப்பதிவு முதலில் வெளியான ஆண்டு அது. உங்கள் கையில் உள்ள தட்டு அச்சான ஆண்டாக இருக்க வேண்டியதில்லை.

அரங்கில் ஒலிக்கப்போகும் பகுதிகளின் வரிகளை ஆசிரியர்கள் முன்கூட்டியே படித்துப் பார்த்துவிட்டார்கள். பாட்டைப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பள்ளி நிகழ்ச்சிக்கு விலக்கு தருகிறது. கேட்பவர்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளியின் செயல்பாடுகளோடு தொடர்புடையவர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால்தான் பக்கத்து வீட்டாரை அழைத்து வர வேண்டாம் என்கிறோம். பாட்டு ஓடும்போது வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றினால் அந்த விலக்கு அதற்குப் பொருந்தாது. சார்ட்டுகளைத் தாராளமாகப் படம் எடுங்கள்.

கடைசியாகப் பணம். நிவாரண நிதிக்கு ஒரு உண்டியல் வைக்கலாமா என்று ஒன்பதாம் வகுப்பு கேட்டது. வேண்டாம் என்றேன். 1971 கச்சேரியின் வாயில் வசூல் 2,43,418 டாலர் 50 சென்ட். ஆளுக்கு ஆறு டாலர் சொச்சம். அது சில நாட்களிலேயே யுனிசெஃபுக்குப் போய்ச் சேர்ந்தது. சிக்கல் பிறகு வந்தது. இரண்டு காட்சிகளிலிருந்தும் எடுத்துக் கோத்த மூன்று தட்டு ஆல்பம் அந்த டிசம்பரில் அமெரிக்காவில் வெளியாகி நன்றாக விற்றது. கிராமி விருதும் வாங்கியது. ஆனால் அவசரத்தில் வரிவிலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கவில்லை. ஆல்பம் பணத்தில் பெரும்பகுதி வரித்துறையிடம் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. நல்ல நோக்கத்தோடு திரட்டிய பணத்துக்கும் ரசீது, அனுமதி, வரவு செலவுக் கணக்கு என்று முதலிலேயே வழி செய்துவிட வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் பேசி, ரசீதுப் புத்தகம் அடித்த பிறகு உண்டியல் வைத்துக்கொள்ளலாம். இந்த முறை நுழைவுக் கட்டணமும் இல்லை, வசூலும் இல்லை.

2.20-க்குள் வந்து உட்கார்ந்துவிடுங்கள். தொடக்கத்தில் எங்கள் இசை ஆசிரியை வீணை வாசிக்கிறார். மின்விசிறிக் காற்றும் விளக்குச் சூடும் சேர்ந்து சுருதி இறங்கும் என்பதால் மேடையிலேயே இரண்டு நிமிடம் சேர்ப்பார். அப்போது யாரும் கைதட்ட வேண்டாம். முதல் வரிசையில் இருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்; அவர்கள் பெரியவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்