பாடசாலை வாசலில் விசா கேட்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஆவணமில்லாத குடியேறிகளின் பிள்ளைகள் படிப்பைத் தொடர முடியாமல் தவிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். வாசிக்க வாசிக்க என் மனம் எங்கள் ஊர் நிலாவெளிக்கும் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்கும் இடையில் அலைந்துகொண்டிருந்தது.

1990 ஜூனில் சண்டை மூண்டபோது எனக்கு ஒன்பது வயது. வீடு வாசலை விட்டுக் காட்டு வழியாக நடந்து, மன்னாருக்குப் போய், பேசாலையில் படகேறி, இராமேசுவரம் கரையில் இறங்கினோம். அம்மாவின் துணிப்பைக்குள் இரண்டு சேலையும் ஒரு போத்தல் விளக்கும் இருந்தன. என் பிறப்புச் சான்றிதழ் அலுமாரியோடு எரிந்துவிட்டது. மண்டபத்திலிருந்து வேறொரு மாவட்டத்து முகாமுக்கு அனுப்பப்பட்டோம். போய்ச் சேர்ந்த மறுவாரமே அம்மா என்னை அங்கிருந்த அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போனார். தலைமையாசிரியர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எதுவரைக்கும் படித்திருக்கிறாய்?" நாலாம் ஆண்டு என்றேன். கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கை எழுதிச் செய்யச் சொன்னார். செய்தேன். மீதியைச் சரிபார்த்துவிட்டு, "போய் உட்கார்" என்றார். அன்று மத்தியானம் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று சத்துணவும் வாங்கினேன்.

1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. சட்டப்படி பார்த்தால் நாங்கள் விசா இல்லாமல் வந்த அந்நியர். அப்படியிருந்தும் எனக்கு வகுப்பறையில் இடம் கிடைத்தது.

அதே நாட்டில் அந்தக் கதவு அடைபட்டதையும் கண்டோம். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்களில் கெடுபிடி கூடியது. பன்னிரண்டாம் வகுப்பில் எங்கள் முகாமிலேயே அதிக மதிப்பெண் எடுத்த என் அண்ணாவுக்குக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டது. அவர் பெயின்ட் வேலைக்குப் போனார். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அவர் நகக்கண்ணிலிருந்து வர்ணம் போகவில்லை. அவருடைய மகள் அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தவள். ஆனால் 1987 ஜூலை முதல் இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2019 இன் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை. என் மருமகள் படிப்புக்கோ வேலைக்கோ எந்தப் படிவத்தை நிரப்பினாலும், நாடு எது என்ற கேள்வியில் பேனா நின்றுவிடுகிறது.

இதையெல்லாம் பட்டு ஊர் திரும்பிய நாங்கள் இன்று இலங்கையில் என்ன செய்கிறோம்?

2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடலில் தத்தளித்த படகு ஒன்றிலிருந்து மியன்மாரைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட ரோகிங்கியா மக்கள் திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஜமாலியாவில் ஒரு பாடசாலையில் அவர்களைத் தங்கவைத்தார்கள். ஊர் திரண்டு உதவியது. நாங்களும் சில பெண்களாகச் சேர்ந்து சோறு சமைத்துப் பார்சல் கட்டிக்கொண்டு போனோம். ஒரு வகுப்பறை வாசலில் பார்சலைக் கொடுக்கும்போது உள்ளே கண்டதை இன்னும் மறக்க முடியவில்லை. விடுமுறைக்கு முன் யாரோ எழுதிய திகதியும் "தொகை 31, வரவு 28" என்ற வரியும் கரும்பலகை மூலையில் அழியாமல் இருந்தன. ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து, தொடங்கிய இடத்திலிருந்து முடிவுவரை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தாள். சில நாட்களில் அவர்களைக் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமுக்கு மாற்றினார்கள். பாடசாலையில் படுத்துறங்கிய அந்தப் பிள்ளைக்குப் பாடசாலையில் படிக்க நம் நாட்டில் வழியில்லை.

இலங்கையும் அகதிகள் சாசனத்தில் சேரவில்லை. இங்கே புகலிடம் கோருவோரைப் பதிந்துவந்தது ஐ.நா. அகதிகள் முகவரகம். அவர்கள் வேறொரு நாட்டுக்குப் போகும்வரை வருடக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு அரச பாடசாலையில் சேரும் உரிமை இல்லை. 1945 இலிருந்து இலவசக் கல்வி தரும் நாடு இது. 5 வயது முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம் என்று 2016 இல் விதி செய்த நாடு. சிறுவர் உரிமைகள் சாசனத்தை 1991 இலேயே ஏற்றுக்கொண்ட நாடு. அந்தச் சாசனம் ஆரம்பக் கல்வியை எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாகவும் இலவசமாகவும் தரச் சொல்கிறது. "எல்லா" என்ற சொல்லுக்கு நாம் என்ன பொருள் கொண்டு கையெழுத்திட்டோம்?

நீங்கள் எழுதிய அமெரிக்காவிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. டெக்சாஸ் மாநிலம் 1975 இல் ஒரு சட்டம் இயற்றி, ஆவணமில்லாப் பிள்ளைகளின் படிப்புக்கான பணத்தை நிறுத்தியது. டைலர் என்ற ஊரில் ஒரு பிள்ளைக்கு வருடம் 1,000 டொலர் கட்டச் சொன்னார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிப்பது நியாயமல்ல என்று 1982 ஜூன் 15 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. செலவு மிச்சம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பாடசாலைக்கு மேற்பட்ட படிப்புக்கு அந்தத் தீர்ப்பு காவல் இல்லை என்பதும் உண்மை. 2001 இல் உள்ளூர் மாணவருக்குரிய கட்டணத்திலேயே கல்லூரியில் படிக்கவிட்ட அதே டெக்சாஸில், 2025 ஜூனில் அந்தச் சலுகை போய்விட்டது.

வெளியார் பிள்ளைகளுக்கு மட்டும் வந்த துன்பம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தின் மகள் என் மாலை வகுப்பில் படித்தாள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் பதிய வேண்டும், தவறினால் அமைச்சின் அனுமதி வேண்டும் என்பது நம் குடியுரிமைச் சட்டம். முகாமில் இருந்தவர்களுக்கு அதை யார் சொன்னார்கள்? சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்தில் அடையாள அட்டை இலக்கம் எழுதும் கட்டம் அவளுக்கு வெறுமையாக இருந்தது. கரைவலைக்குப் போகும் தகப்பன், நாலாக மடித்துக் கிழிந்த முகாம் அட்டையை ஒரு பொலித்தீன் பையில் வைத்துக்கொண்டு மூன்று முறை கொழும்புக்கு பஸ் ஏறினார். ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டியது. "ரீச்சர், எழுத விடுவார்களா என்று தெரியாமல் எதற்குப் படிக்க வேண்டும்?" என்று அவள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கடைசி நேரத்தில் அவளுடைய அதிபர் ஒரு வழி செய்துகொடுத்தார். அதிபர் நல்லவராக வாய்க்காத பிள்ளையின் கதி என்ன?

கல்வி அமைச்சிடம் நான் கேட்பது ஒரு சுற்றறிக்கை. ஐந்து முதல் பதினாறு வயதுள்ள எந்தப் பிள்ளை வாசலில் வந்து நின்றாலும் முதலில் வகுப்பில் சேர்க்க வேண்டும். கடவுச்சீட்டு, விசா, குடியுரிமை பற்றிய விசாரணையைக் குடிவரவுத் திணைக்களம் தன் அலுவலகத்தில் நடத்தட்டும். திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளுக்காகத் திருகோணமலையில் ஒரு நடமாடும் சேவை வைத்தால், கொழும்புக்கு அலைவதும் குறையும். எங்கள் பிள்ளைகளுக்கே ஆசிரியர் போதாது என்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளை போதாமல் மூடப்போகும் சிறிய பாடசாலைகளும் நம் கிராமங்களில் இருக்கின்றன.

அப்படி ஒரு சுற்றறிக்கை வந்தால், மொழி தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாதம் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் தேவைப்படுவார்கள். நானும் என்னுடன் படிப்பிக்கும் இரண்டு ஆசிரியைகளும் சம்பளமின்றி வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியை ஒருவர்,
நிலாவெளி, திருகோணமலை.