14 வயது என்று தெரிந்தே விற்கப்பட்ட கொரில்லா அனுமதிச் சீட்டு: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்க் கடிதம்

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள்,
சென்னைத் தலைமை அலுவலகம்.

பொருள்: உகாண்டா, புவிண்டி தேசியப் பூங்கா கொரில்லாப் பயணம் – 15 வயது நிறையாத மகளுக்கு அனுமதிச் சீட்டு விற்றது – இரண்டு சீட்டுகளின் தொகையையும் சுமைதூக்கிக் கட்டணத்தையும் திருப்பித் தருவது தொடர்பாக.

ஐயா,

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் தங்கள் நிறுவனத்தின் குடும்பப் பயணத் திட்டத்தில் நானும் என் கணவரும் மகனும் மகளும் உகாண்டா சென்று வந்தோம். நால்வரும் பணம் கட்டினோம். இருவர்தான் கொரில்லாவைப் பார்த்தார்கள். நானும் என் மகளும் காட்டின் வாசலோடு நிறுத்தப்பட்டோம். நிறுத்திய வனக்காவலர்கள் மீது எனக்கு மனக்குறை துளியும் இல்லை. நிறுத்துவார்கள் என்று தெரிந்தும் அதுவரை எங்களை அழைத்துக்கொண்டு போன தங்கள் மீதுதான் இந்தப் புகார்.

மலை கொரில்லாக்களைப் பார்க்க 15 வயது நிறைந்திருக்க வேண்டும். உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் காங்கோவிலும் இதே விதிதான். நேற்று வந்த விதியும் அல்ல. கொரில்லாப் பயணத்தை விற்றுப் பிழைக்கும் ஒரு நிறுவனத்துக்கு இது அரிச்சுவடி. முன்பதிவு செய்த நாளில் என் மகளுக்கு வயது 14. நவம்பரில்தான் 15 முடிகிறது. அவளுடைய பாஸ்போர்ட் நகலை முன்பணம் கட்டிய அன்றே அனுப்பிவிட்டேன். அதோடு விடவில்லை. "மகளுக்கு 14 வயதுதான் ஆகிறது, ஏதாவது கட்டுப்பாடு உண்டா?" என்று தங்கள் பயண ஒருங்கிணைப்பாளரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். "ஒரு பிரச்சினையும் இல்லை மேடம், குழந்தைகள்தான் மிகவும் ரசிப்பார்கள்" என்று பதில் வந்தது. பக்கத்திலேயே ஒரு குரங்குப் படம் வேறு.

அதே ஒருங்கிணைப்பாளருக்கு மற்ற விவரங்கள் எல்லாம் விரல் நுனியில் இருந்தன. ருவாண்டாவில் அனுமதிச் சீட்டு 1,500 டாலர், உகாண்டாவில் 2024 ஜூலை முதல் 800 டாலர், ஆகவே உகாண்டாதான் நமக்குக் கட்டுப்படி ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் விமானம் ஏற முடியாது என்று தினமும் நினைவூட்டினார். அவர் சொன்னபடியே மகளைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அழைத்துப் போய் ஊசி போட்டு மஞ்சள் அட்டையும் வாங்கினோம். அந்த அட்டையிலும் அவளுடைய பிறந்த தேதி இருக்கிறது. அதன் நகலும் தங்களிடம் இருக்கிறது. ஒரு பெண்ணின் பிறந்த தேதி இத்தனை தாள்களில் தங்கள் மேசையைக் கடந்து போயும் யார் கண்ணிலும் படவில்லை என்று சொன்னால் அதை நான் நம்பியிருக்கக்கூடும். ஆனால் பட்டிருக்கிறது. அதுதான் இந்தப் புகாரின் மையம்.

என்டெபே விமான நிலையத்திலிருந்து புவிண்டியின் வடக்கு வாசலான புகோமாவுக்குப் பகல் முழுவதும் கார்ப் பயணம். சாயங்காலம் தார்ச்சாலை முடிந்து செம்மண் பாதை தொடங்கிய பிறகு, தங்கள் ஓட்டுநர் கண்ணாடியில் என் மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "நாளைக் காலையில் யாராவது வயது கேட்டால் 15 என்று சொல்லிவிடு" என்றார். ஏன் என்று கேட்டேன். அலுவலகத்தில் அப்படிச் சொல்லச் சொன்னார்கள் என்றார். அவர் ஒளிவுமறைவு தெரியாத மனிதர். சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டோம் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை. அன்று இரவே தங்கள் ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப் செய்தியைப் படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் இன்றுவரை வரவில்லை.

மறுநாள் காலை பூங்கா அலுவலகத்தின் முன்னால் ஊர்ப் பெண்கள் பாடி ஆடி வரவேற்றார்கள். என் மகள் எறும்பு ஏறாமல் இருக்கக் கால்சட்டையைச் சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டு, முகக்கவசத்தைக் கழுத்தில் தொங்கவிட்டு, அவர்கள் கொடுத்த மூங்கில் கம்பைக் கையில் பிடித்துத் தயாராக நின்றாள். வனக்காவலர் பாஸ்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பட்டியலோடு ஒப்பிட்டு வந்தார். அவளுடையதைத் திறந்தவர் அடுத்ததுக்குப் போகவில்லை. பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி மேலதிகாரியைக் கூப்பிட்டார். அந்த அம்மையார் குனிந்து, "உனக்கு என்ன வயது?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் மகள் "14" என்றாள். ஓட்டுநர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பேச எதுவும் இருக்கவில்லை. அவர்கள் மிகவும் மரியாதையாகவே சொன்னார்கள். சீட்டு யார் வாங்கிக் கொடுத்தது என்று மட்டும் கேட்டார்கள். தங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையின் பொருளைத் தாங்கள்தான் விளக்க வேண்டும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. இந்த விதி ஏன் இருக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. தங்கள் அலுவலகத்துக்குத்தான் புரியவில்லை என்பதால் எழுதுகிறேன். மனிதனுக்கும் கொரில்லாவுக்கும் டி.என்.ஏ. ஏறக்குறைய 98 சதவீதம் ஒத்துப்போகிறது. நமக்கு வரும் சளியும் காய்ச்சலும் அதற்கும் தொற்றும். பிள்ளைகளுக்குத் தொற்றுநோய்கள் எளிதில் வரும், அறிகுறி தெரிவதற்கு முன்பே பரவவும் செய்யும். 1996-இல் இதே புவிண்டியில் கொரில்லாக்களுக்குச் சொறிநோய் வந்து ஒரு குட்டி இறந்துபோனது. உகாண்டாவின் கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலெமா-ஸிகுசோகா அதை ஆராய்ந்தபோது, நோய் மனிதர்களிடமிருந்து வந்தது என்று தெரிந்தது. காட்டோரத் தோட்டங்களில் காவலுக்கு நிறுத்திய சோளக்கொல்லைப் பொம்மைக்குப் போட்டிருந்த பழந்துணி வழியாகத் தொற்றியிருக்கலாம் என்று கருதினார்கள். பழந்துணிக்கே இந்தக் கதி. உலகத்தில் மலை கொரில்லாக்கள் ஆயிரத்துச் சொச்சம்தான். 2018-இல் எடுத்த கணக்கின்படி புவிண்டியிலும் அதை ஒட்டிய காங்கோ காட்டிலும் சேர்த்து 459. அதனால்தான் முகக்கவசம், அதனால்தான் 10 மீட்டர் இடைவெளி, அதனால்தான் பார்த்த பிறகு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட வேண்டும் என்ற கண்டிப்பு. தங்கள் விளம்பரத் தாளிலோ ஒரு கொரில்லாக் குட்டி பயணியின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் படத்தை எங்கிருந்து எடுத்தீர்களோ தெரியாது. புவிண்டியில் அப்படி ஒரு காட்சிக்கு இடமே இல்லை. அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

14 வயதுப் பெண்ணை முன்பின் தெரியாத ஊரில் ஓட்டுநரோடு விட்டுவிட்டு நாங்கள் மூவரும் காட்டுக்குள் போக முடியாது. யார் தங்குவது? மற்ற குழுக்கள் புறப்பட்டுக்கொண்டிருக்க, வாசலில் நின்றபடியே முடிவு செய்ய வேண்டியிருந்தது. இந்தப் பயணம் என்னுடைய ஆசை. வகுப்பறையில் கொரில்லாவைக் கரும்பலகையில் வரைந்தே காலம் தள்ளியவள், ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்த பணம் இது. ஆனாலும் அழுதுகொண்டிருந்த பெண்ணுக்கு அம்மாதான் வேண்டியிருந்தது. கணவரும் மகனும் ருஷெகுரா என்ற கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்கப் போனார்கள். ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளில் 8 பேரைத்தான் அனுமதிக்கிறார்கள். அந்த எட்டில் இரண்டு இடங்களைத் தங்கள் பொய் தின்றுவிட்டது. எங்களுக்கும் இல்லை, உலகத்தின் எந்த மூலையிலோ காத்திருந்த வேறு இருவருக்கும் இல்லை.

எங்களைச் சமாதானப்படுத்தத் தங்கள் உள்ளூர் ஆள் தொலைபேசியில் ஒரு யோசனை சொன்னார்: பட்வா மக்களின் குடியிருப்பைப் பார்த்து வரலாம், தனிக் கட்டணம். தங்கள் தாளில் இதை "காட்டுக்குள் வாழும் குள்ளர்களைச் சந்திக்கலாம்" என்று போட்டிருக்கிறீர்கள். பட்வா மக்கள் காட்டுக்குள் வாழவில்லை. புவிண்டி 1991-இல் தேசியப் பூங்கா ஆனபோது அவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். நிலம் இல்லாமல் காட்டோரத்தில் கூலி வேலை செய்து வாழ்கிறார்கள். வாழ்விடம் பறிபோன மக்களை வேடிக்கைப் பொருளாக எழுதியதற்காகத் தாங்கள் வெட்கப்பட வேண்டும். நாங்கள் போகவில்லை. சாலையோரக் கடைகளில் மரத்தில் செதுக்கிய கொரில்லாக்களைப் பார்த்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம்.

அடுத்தது சுமைதூக்கிக் கட்டணம். தங்கள் ரசீதில் "வழிகாட்டி, சுமைதூக்கி, குடிநீர், மதிய உணவு உட்பட" என்று தெளிவாக இருக்கிறது. என் கணவருக்கு உதவியாகப் போனவர் பக்கத்துக் கிராமத்துப் பெண். பாதை என்று எதுவும் இல்லாத சரிவில், முந்தின நாள் மழையில் ஊறிய சேற்றில், ரப்பர் பூட்ஸைக் குறுக்காக ஊன்றி நின்று என் கணவரின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டிருக்கிறார். இறங்கும்போது முன்னால் நின்று தன் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாராம். திரும்பி வந்ததும் கூலியைக் கேட்டால், அலுவலகம் எதுவும் கொடுத்து அனுப்பவில்லை என்று ஓட்டுநர் கையை விரித்துவிட்டார். அந்தப் பெண் சத்தம் போடவில்லை, நகரவும் இல்லை. அவருக்கும் மகனோடு போன இளைஞருக்கும் ஆளுக்கு 20 டாலர் என் கணவர் தன் கையிலிருந்து கொடுத்தார். தொகை சிறியதுதான். ஆனால் எங்களிடம் வாங்கிவிட்டு, நாள் முழுக்கச் சேற்றில் நின்றவருக்குக் கொடுக்காமல் விட்ட காசு அது. நான்கு பேருக்கும் வாங்கியிருக்கிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஊர் திரும்பியதும் நேரில் வந்தேன். தங்கள் கிளை மேலாளர் விதிமுறைத் தாளை எடுத்து, "அனுமதிச் சீட்டுக்குப் பணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியின் கீழ் கோடு போட்டுக் கொடுத்தார். அந்த வரி, பயணி தானாகவே பயணத்தைக் கைவிட்டால் பொருந்தும். தகுதி இல்லாத ஒருவருக்குத் தகுதி உண்டு என்று எழுதிக் கொடுத்து விற்ற சீட்டுக்கு எப்படிப் பொருந்தும்? ஒரே ஒரு முறை உண்மையைச் சொல்லியிருந்தால், அரையாண்டு விடுமுறைக்குப் பயணத்தைத் தள்ளி வைத்திருப்போம். அப்போது அவளுக்கு 15 முடிந்திருக்கும், நால்வரும் போயிருப்போம். செப்டம்பர் இருக்கைகளை நிரப்ப வேண்டியிருந்தது தங்களுக்கு. வாசலில் பிடிபட்டால் பூங்காவின் மேல் பழியைப் போட்டுவிடலாம், பிடிபடாவிட்டால் லாபம். இடையில் பொய் சொல்லும் வேலையை என் மகளிடம் கொடுத்தீர்கள். இவ்வளவுக்கும் சேர்த்துக் கிளை மேலாளர் தந்தது, அடுத்த துபாய்ப் பயணத்துக்கு 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். அதை இந்தக் கடிதத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

நான் கேட்பது இவைதான். என் மகளுக்கும் எனக்கும் வாங்கிய இரண்டு அனுமதிச் சீட்டுகளின் தொகை 1,600 டாலரையும், நாங்கள் கட்டிய நாளின் மாற்று விகிதத்தில் ரூபாயாகத் திருப்பித் தர வேண்டும். அந்த இரு சீட்டுகளுக்கும் வாங்கிய சேவைக் கட்டணமும், நான்கு பேருக்கான சுமைதூக்கிக் கட்டணமும் அதோடு சேர வேண்டும். வயதை மாற்றிச் சொல்லச் சொன்னது யார், யாருடைய உத்தரவின் பேரில் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஓட்டுநர் மீது பழியைப் போட்டு அவரை வேலையிலிருந்து நீக்கினோம் என்று பதில் வந்தால் அதை ஏற்கமாட்டேன். உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான். விளம்பரத் தாளில் 15 வயது விதியைப் பெரிய எழுத்தில் போட்டு, புதிய தாளின் நகல் ஒன்றை எனக்கு அனுப்ப வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் தொகை வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை ஆகிய இரண்டு அடிப்படைகளிலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்ய அந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே சென்னைக்கு அலைய வேண்டியது நான் அல்ல. அப்போது மன உளைச்சலுக்கான இழப்பீடும் வழக்குச் செலவும் தனியாகக் கேட்கப்படும். உகாண்டா வனவிலங்கு ஆணையத்துக்கும் இதன் ஆங்கில வடிவத்தை அனுப்பவிருக்கிறேன்.

ரசீது, வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப் படிகள், மகளின் பாஸ்போர்ட் நகல், பயன்படுத்தாத இரண்டு அனுமதிச் சீட்டுகளின் நகல், தள்ளுபடிக் கூப்பன் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பதிலை எழுத்தில் மட்டும் அனுப்புங்கள். தொலைபேசியில் சமாதானம் பேச யாரும் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)