கூப்பனும் அடைக்கலமும்

ஆசிரியருக்கு,

நாஜிகளிடமிருந்து தப்பிய யூதர்களுக்கு அடைக்கலம் தந்தோர் பற்றிய உங்கள் கட்டுரை துணிச்சலைச் சொன்னது, சாப்பாட்டுக் கணக்கை விட்டுவிட்டது. நாஜிகள் பிடித்திருந்த ஆம்ஸ்டர்டாமில், நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் உள்ளிட்ட எட்டுப் பேர் 1942 முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை ஒளிந்திருந்தனர். அந்தப் போர்க்காலத்தில் ரேஷன் கூப்பன் இல்லாமல் ரொட்டிகூட வாங்க முடியாது. தலைமறைவானவர் அதைக் கேட்டு வரிசையில் நிற்கவும் முடியாது. கள்ளத்தனமாகக் கிடைத்த கூப்பன்களோடு, அவர்களுக்கு உதவிய மீப் கீஸ் காய்கறிக்கும் இறைச்சிக்கும் அலைந்தார். இன்னொரு உதவியாளர் பெப் வோஸ்கௌல் பாலும் ரொட்டியும் பார்த்துக்கொண்டார். அளவு கூடினால் கடைக்காரருக்குப் புரிந்துவிடும். (புரிந்தும் வாய் திறக்காதவர்களும் அடைக்கலம் தந்தவர்களே, அவர்களை யாரும் எண்ணுவதில்லை.) காய்கறிக்காரர் வான் ஹூவே 1944 மே மாதம் கைதானார். அவர் வீட்டிலேயே இரண்டு யூதர்கள் இருந்தனர். அதோடு இந்த எட்டுப் பேரின் தட்டிலும் உணவு குறைந்தது.

– ஒரு வாசகர்